‘லேசா சுர்ருங்குது’ன்னு விட்டுடாதீங்க!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய எந்தத் தெருவில் விசாரித்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். “ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது.” சொல்பவர் இதை ஒரு புகாராகக்கூடச் சொல்வதில்லை. ‘நிலை தாழ்வா இருக்கு, குனிஞ்சு வாங்க’ என்று விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி, வீட்டோட பழக்கத்தில் ஒன்றாகச் சொல்கிறார்.

இத்தனைக்கும் மின்சாரம் இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் உற்பத்தியைத் தொடங்கி, 2017-ல் மூடப்படும் வரை ஓடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே வல்லூர். மாநிலத்துக்கே கரண்ட் அனுப்புகிற மண் இது. ஆனால் அந்தக் கரண்ட் நம்ம வீட்டுக்குள் வந்த பிறகு அதற்குக் கடற்காற்று நல்ல துணை இல்லை. அந்த ‘சுர்’ என்பது, வீட்டு ஒயரிங்கில் ஏதோ ஒன்று விட்டுப்போய்விட்டது என்பதற்கான அறிவிப்பு. பெரும்பாலும் விட்டுப்போயிருப்பது எர்த். அது போனபிறகு உயிரைக் காக்கிற ஒரே கருவி பல வீடுகளில் மாட்டப்படவே இல்லை.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். பழைய பீங்கான் ஃபியூஸை எடுத்துவிட்டு வரிசையாக எம்.சி.பி. மாட்டியாச்சு, இனி ஷாக் அடித்தால் தானாகவே விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். விழாது. கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கும் ஒருவர் உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வழியாகப் பாய்வது ஏறக்குறைய 230 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியரிலேயே உடம்பு கரண்ட்டை உணரும். பத்தைத் தாண்டினால் தசை இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாமல் போகலாம். முப்பதுக்கு மேல் சில விநாடிகள் நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில். பழைய 40 வாட் குண்டு பல்பு எடுக்கிற கரண்ட்டே சுமார் 170 மில்லி ஆம்பியர். ஒரு மங்கலான பல்பை எரிய வைக்கிற கரண்ட், ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது.

இப்போது எம்.சி.பி.யைப் பாருங்கள். அதில் 16 என்று போட்டிருந்தால் அது 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர். நம் உடம்பில் 230 ஓடும்போது, அதன் கண்ணுக்கு யாரோ பாத்ரூமில் லைட் போட்டார்கள், அவ்வளவுதான். எம்.சி.பி.யும் ஃபியூஸும் வந்தது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. ஆளைக் காப்பாற்றுவது அவற்றின் வேலை இல்லை.

அந்த வேலைக்கு இருப்பது ஆர்.சி.சி.பி. கடைகளில் இன்னும் பழைய பேரில் ஈ.எல்.சி.பி. என்றுதான் கேட்பார்கள், கொடுப்பார்கள். அது வேலை செய்யும் விதம் மளிகைக் கடைக் கணக்கு மாதிரி. பேஸ் ஒயர் வழியாக வீட்டுக்குள் எவ்வளவு கரண்ட் போனதோ, நியூட்ரல் வழியாக அவ்வளவும் திரும்பி வர வேண்டும். குறைந்தால், மிச்சம் வேறு எங்கோ போகிறது என்று அர்த்தம். ஈரச்சுவர் வழியாகப் போகலாம், ஒரு குழந்தையின் கை வழியாகவும் போகலாம். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள், கண் சிமிட்டும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். ஷாக்கே அடிக்காது என்று சொல்ல முடியாது. ஒரு வெட்டு வெட்டும், உதறி எழுந்துவிடுவீர்கள்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் வீட்டு இணைப்புகளுக்கு இந்தக் கசிவு வரம்பை 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்திருக்கின்றன. வாங்கும்போது இதைக் கவனியுங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் அதே உருவத்தில், அதே நிறத்தில் கடையில் இருக்கும். அவை தீவிபத்தைத் தடுக்கவும் பெரிய நிறுவனங்களுக்கும் வந்தவை, வீட்டில் ஆளைக் காக்க உதவாது. முகப்பில் 0.03 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை என்ன என்பீர்கள். வயர்மேன் கூலியையும் சேர்த்தால்கூட, இந்தக் கட்டுரையைப் படிக்க நீங்கள் கையில் வைத்திருக்கும் போன் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மாட்டிய பிறகு அதில் ‘டி’ என்று எழுதிய ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமுக்குங்கள். ‘டப்’ என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்தக் கருவி சுவரில் மாட்டிய வெறும் பெட்டி. கடலோரத்தில் இந்தச் சோதனை கூடுதல் அவசியம், ஏனென்றால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பாகங்கள் உப்பில் இறுகிக்கொள்ளும். மாதாமாதம் தட்டிவிட்டால் அவை அசைவில் இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பட்டன் சரியாக வேலை செய்கிறது என்பதால் வீட்டு எர்த்தும் சரியாக இருக்கிறது என்று ஆகாது. பட்டன் சோதிப்பது அந்தக் கருவியை மட்டும்தான்.

உப்பு போட்ட குழியும் உப்பு தின்ற பைப்பும்

எர்த் குழி தோண்டும்போது பைப்பைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டுவது நம்ம ஊர் வழக்கம். மண் ஈரமாக இருந்து கரண்ட்டை எளிதாக உள்வாங்கட்டும் என்பதற்காக. வடசென்னைக் கடலோரத்தில் நிலத்தடி நீரே பல இடங்களில் உவர்ப்பு. அதனால் எர்த் ‘கிடைப்பது’ இங்கே சுலபம். நிலைப்பதுதான் கஷ்டம். அதே உப்பு பைப்பையும், அதில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்பையும், போல்ட்டையும் அரித்துத் தின்றுவிடுகிறது. குழி இருக்கிறது, மூடி இருக்கிறது, சுவரில் பச்சை ஒயரும் இறங்குகிறது. நடுவில் பிடிப்பு மட்டும் இல்லை. இப்படி எத்தனை வீடுகள்!

காற்றில் வரும் உப்பு வேறு. சுவிட்ச் போர்டுக்குள், மோட்டார் இணைப்புப் பெட்டிக்குள், மாடியில் நிற்கும் ஏ.சி.யின் வெளிப்புற யூனிட்டுக்குள் மெல்லிய படலமாக அது படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு கரண்ட்டைக் கடத்தும். போதாததற்குத் துறைமுகச் சாலையின் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மற்ற இடங்களில் பத்து வருஷம் தாங்கும் ஒரு பிளக் பாயின்ட், இங்கே அதற்கு முன்பே கசிய ஆரம்பிக்கலாம்.

எர்த் இருந்தால் அந்தக் கசிவு பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குப் போகும். ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே விழும். இரண்டும் இல்லாத வீட்டில் கசிவு ஃப்ரிட்ஜின் உடம்பிலேயே உட்கார்ந்து, தொடும் கைக்காகக் காத்திருக்கும்.

சிலர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, லேசாத்தான் எரியுது, பரவாயில்லை என்பார்கள். டெஸ்டர் மங்கலாக எரிவதற்குச் சாதாரணக் காரணமும் உண்டு. கம்ப்யூட்டர், டி.வி. மாதிரி கருவிகளின் பவர் சப்ளையில் இருந்து மிகச் சிறிய கசிவு எப்போதும் இருக்கும், அதை எர்த் வாங்கிக்கொள்ளும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். அது உடம்பில் தெரிகிறது என்றாலே எர்த் இல்லை என்று அர்த்தம். ஆக, கசிவு சின்னதோ பெரியதோ, எர்த் போயிருக்கிறது என்பதில் மாற்றம் இல்லை.

நியூட்ரலை எர்த்தாகக் கட்டும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டால், சில பேர் ஐந்து நிமிஷத்தில் ‘சரி’ செய்துவிட்டுப் போவார்கள். பிளக் பாயின்ட்டைக் கழற்றி, மேலே இருக்கும் பெரிய எர்த் துளையையும் நியூட்ரல் துளையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். சுர்ர் நின்றுவிடும். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

ஆனால் இப்போது ஃப்ரிட்ஜின் இரும்பு உடம்பு நியூட்ரல் ஒயரோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. எங்காவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால், உப்பு அரித்த ஒரு ஸ்க்ரூ போதும், பேஸில் இருந்து மோட்டார் வழியாக வரும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் ஃப்ரிட்ஜின் உடம்புக்கு வந்து நிற்கும். வீட்டில் யாராவது பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கட்டினாலும் அதே கதி, அந்த நொடியே முழு 230 வோல்ட். முன்பு சுர்ர் என்றது, இப்போது ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் மூன்று விளக்கு பிளக் டெஸ்டர், எர்த் இல்லை என்றால் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த நியூட்ரல் தில்லுமுல்லை அதனால் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் சரி என்றே காட்டும். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதை மெயினை அணைத்துவிட்டு வயர்மேன் செய்யட்டும். அவர் வரும்போது நீங்கள் கேட்க வேண்டியது: பச்சை ஒயர் எங்கே போகிறது என்று எனக்கு அது மண்ணைத் தொடுகிற இடம் வரை காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்த வீட்டில் எர்த் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வரிசையாக ஐந்தாறு குடித்தனம் இருக்கும் லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல். ஒரு வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டிய உடனே அது நிற்காமல் விழும். ‘புது மெஷினே கோளாறு’ என்று கழற்றி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம், பக்கத்து வீட்டு நியூட்ரலோடு இந்த வீட்டு நியூட்ரல் எங்கோ சேர்ந்திருப்பது. போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்துப்போகாது, கருவி விழத்தானே செய்யும்? பிரிக்க வேண்டியது ஒயரை. கழற்ற வேண்டியது கருவியை அல்ல. ஒரே வீட்டில் திடீரென விழ ஆரம்பித்தால், எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எது செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பழைய வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்பு.

வாடகை வீடு என்றால் ‘ஹவுஸ் ஓனர் பண்ணட்டும்’, ‘குடியிருக்கிறவங்க பண்ணிக்கட்டும்’ என்று இரண்டு பக்கமும் தள்ளிப்போடுவது நடக்கிறது. குடியேறும்போதே, அட்வான்ஸ் பேசும்போதே, எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. தண்ணீர் வருமா என்று கேட்கிறோம் இல்லையா, அது மாதிரி.

தண்ணீரும் கொடிக்கம்பியும்

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். அடிபம்பிலோ சம்ப்பிலோ மாட்டிய சின்ன மோட்டார், இரண்டு கோர் ஒயர், நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட், சுற்றிலும் ஈரத்தரை, குடத்தோடு நிற்பவர் வெறுங்காலில். எர்த் ஒயருக்கு அங்கே இடமே இல்லை. மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக், ஆர்.சி.சி.பி. பாதுகாப்பில் இருக்கும் பாயின்ட், இந்த மூன்றும் இல்லாமல் மோட்டாரைத் தொடக்கூடாது. குளிருக்குப் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடும் அப்படித்தான். சூடு வந்ததா என்று விரலை விட்டுப் பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். சுவிட்ச் நியூட்ரலில் தவறாகக் கட்டப்பட்டிருந்தால், ஆஃப் செய்த பிறகும் ராடில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

துணி காயப்போடும் கொடி இன்னொன்று. குறுகலான சந்துகளில் இரும்புக் கம்பியை மின்கம்பத்திலோ, சர்வீஸ் ஒயர் இறங்கும் பைப்பிலோ கட்டியிருப்பதை நிறையப் பார்க்கலாம். மேலே ஒயரின் தோல் உரிந்தால் கொடி முழுக்கக் கரண்ட். ஈரத்துணியை எடுத்துப் போடுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். நைலான் கயிறு வாங்கிக் கட்டுங்கள், கம்பத்தில் கட்டாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வெளியேயும் ஆபத்து இருக்கிறது. 2017 நவம்பர் 1-ம் தேதி கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் மின்கம்பி கிடந்தது தெரியாமல் கால் வைத்த இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். சென்னையில் பல பகுதிகளில் மின்சாரம் நிலத்தடி கேபிளில் வந்து, தெரு ஓரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ் வழியாகப் பிரிகிறது. அந்தப் பெட்டியின் கதவு திறந்திருந்தாலோ, அடிப்பகுதி தண்ணீரில் நின்றாலோ அந்தப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு தள்ளி வந்து புகார் கொடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்யும் கலந்து வீடுகளுக்குள் வந்தது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் வரும் என்று தெரிந்தால், தண்ணீர் கீழ் பிளக் பாயின்ட்டைத் தொடுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் காய்ந்திருந்தால் மட்டும். மெயின் போர்டே தண்ணீரில் இருந்தால் தொடாதீர்கள், மின்வாரியத்துக்கு போன் செய்து வெளியே இருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். இங்கே பலர் மறப்பது இன்வெர்ட்டரை. ஈ.பி. கரண்ட் போய்விட்டது என்று தைரியமாகத் தண்ணீரில் இறங்குவோம். ஆனால் பேட்டரியில் இருந்து இன்வெர்ட்டர் வீட்டு ஒயரிங்குக்குள் அதே 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். முதலில் அதை அணைக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் அவசரப்பட்டு சுவிட்ச் போடாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டக்கூடியவை அல்ல. மாற்றித்தான் ஆக வேண்டும்.

டயரில் நிற்கும் வீடு

வீட்டை விட்டு வெளியே போகும்போதும் ஒயரையும் பிளக்கையும் நாம் தூக்கிக்கொண்டே போகிறோம். கேரவன் என்றால் நமக்கு சினிமா ஷூட்டிங் வண்டிதான் ஞாபகம் வரும். இப்போது பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சபரிமலை சீசனில் மிக்ஸியும் ரைஸ் குக்கருமாகக் கிளம்பும் வேன், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போய் இரண்டு நாள் தங்கும் வேன், கடற்கரைச் சாலையில் மாலையானால் நிற்கும் மீன் வறுவல் வண்டி. எல்லாமே டயரில் நிற்கும் வீடுகள்தான். பக்கத்து மண்டபத்திலோ கடையிலோ கேட்டு ஒரு ஒயரை இழுத்துக்கொள்கிறோம்.

இந்த வண்டிகளின் உடம்பு இரும்பு, காலோ ரப்பர். மண்ணோடு தொடர்பே இல்லை. உள்ளே ஒரு ஒயர் உரசி உடம்பில் கரண்ட் ஏறினால், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் தொடும் எல்லாமே ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறது, கம்பி மேல் உட்கார்ந்த காக்கை மாதிரி. அடிபடுவது, தரையில் நின்றுகொண்டு கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவருக்கு. மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். வண்டியில் இருந்து இறங்குபவரும், டீ வாங்க வருபவரும், சக்கரத்தைத் தொட்டு விளையாடும் குழந்தையும்தான் இதில் சிக்குவார்கள்.

வெளிநாட்டில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கேரவன் நிறுத்துமிடங்களுக்கான சர்வதேச விதிப்படி ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு இருக்க வேண்டும். பிரிட்டனின் 2002-ம் ஆண்டு விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பல வீடுகளில் மின் நிறுவனமே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே ஒயரில் கொடுக்கும். அந்த ஒயரைக் கேரவனின் இரும்பு உடம்போடு இணைக்கவே கூடாது என்பது விதி. காரணம், சற்று முன் ஃப்ரிட்ஜுக்குச் சொன்ன அதே காரணம்தான். நியூட்ரல் அறுந்தால் வண்டி முழுக்கக் கரண்ட். மின் நிறுவனம் முறையாகப் போட்ட ஒயரையே அவர்கள் நம்பவில்லை. நாமோ ஒரு துண்டு ஒயரை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எனவே வேனில் போகிறவர்கள் ஒரு ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் செய்துவைத்துக்கொள்வது நல்லது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார். ஒயர் மூன்று கோராக இருக்கட்டும். சுருளில் சுற்றி வைத்திருக்கும் ஒயரை முழுதும் பிரித்துப் போட்ட பிறகே அடுப்பு, குக்கர் மாதிரி பெரிய லோடு போடுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்சுற்று சூடாகி உருகும். இணைக்கும்போது முதலில் வண்டிப் பக்கம், பிறகு சப்ளை பக்கம். கிளம்பும்போது தலைகீழ், முதலில் சப்ளையை எடுக்க வேண்டும். ஜாயின்ட்டைத் தரையில் போடாமல் ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதன் புகை வண்டிக்குள் வராத தூரத்தில் நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்காது, அப்போது ஆர்.சி.சி.பி. எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம். எலக்ட்ரீஷியனிடம் இதையும் கேட்டுவிடுங்கள். ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்க லைட் எரிய விடும் வேலை மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். அங்கே கரண்ட் இல்லை என்று நம்பி ஏறியிருக்கும் லைன்மேன்மேல் பாயும்.

வண்டி எடுக்கும் முன் மேலேயும் பாருங்கள். 2022 ஏப்ரல் 27-ம் தேதி தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நால்வர் இறந்தார்கள். அதுவும் நம்ம மாதிரி ஒரு மீனவர் ஊர்தான். திருவிழாவுக்குக் கொடிமரம் நடும்போதும், சீரியல் செட் கட்டும்போதும், வேன் மேல் ஏறி லக்கேஜ் கட்டும்போதும், கம்பி எங்கே ஓடுகிறது என்று ஒருவர் கீழே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்

ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள், நீங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். மெயினை அணையுங்கள் அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரப்பலகையின் மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். இது வீட்டு லைனுக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் கிட்டவே போகக்கூடாது. வாரியம் துண்டித்த பிறகுதான். ஆள் விடுபட்டதும் 108. மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில், இரண்டு கையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் அமுக்குங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத்துடிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

யாரிடம் கேட்பது?

கம்பி அறுந்து கிடக்கிறது, பில்லர் பாக்ஸ் திறந்திருக்கிறது, கம்பத்தில் ஷாக் அடிக்கிறது, வீட்டில் லைட் சில நேரம் அளவுக்கு மீறிப் பளீரென்றும் சில நேரம் மங்கலாகவும் எரிகிறது (நியூட்ரல் போவதன் அறிகுறி) என்றால், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் எடுப்பார்கள். போனில் இந்த எண்ணைச் சேமிக்கும்போது பக்கத்திலேயே உங்கள் மின் இணைப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். இருட்டில், மழையில் பில் தேட முடியாது. கம்பத்தின் எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், ஆள் சீக்கிரம் வந்து சேருவார். தெருவிளக்குக் கம்பம், தேங்கிய மழைநீர் என்றால் சென்னை மாநகராட்சியின் 1913. புகார் கொடுத்தும் வேலை நடக்கவில்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

மீட்டர் வரைக்கும்தான் வாரியத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு உள்ள ஒயரிங், எர்த், ஆர்.சி.சி.பி. எல்லாம் வீட்டுக்காரருடையது. அதற்கு அரசு மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரையோ, தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் வயர்மேனையோ கூப்பிடுங்கள். சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. திருவிழா, கல்யாணம், தெருவோர நிகழ்ச்சி என்றால் கம்பியில் கொக்கி போட வேண்டாம், அது மின்சாரச் சட்டம் 2003-ன்படி குற்றமும்கூட. தற்காலிக இணைப்புக்கு வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். ஏ.சி. புதுசாக வாங்கினால் கூடுதல் லோடுக்கும் வாரியத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பம் இருக்கிறது. அந்த வேலைக்கு வயர்மேன் எப்படியும் வீட்டுக்கு வரப்போகிறார். வந்த கையோடு எர்த் குழியின் மூடியைத் திறந்து, கிளாம்பு இன்னும் பைப்பைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.